நடை மாஸ்டருக்குத் தெரியாத சொல்

எங்கள் அத்தானை ஓரிடத்தில் நிறுத்திப் படம் பிடிக்க முடியாது. அவருடைய கல்யாணப் படத்தைப் பார்த்தாலே தெரியும். என் அக்கா நாகேஸ்வரி மாலையும் கழுத்துமாகத் தெளிவாக நிற்கிறார். பக்கத்தில் அத்தான் மட்டும் உருவம் கலங்கிப்போய் இருக்கிறார். படக்காரர் அசையாதேங்கோ, அசையாதேங்கோ என்று கெஞ்ச, மனுசன் கால் மாற்றி நின்றிருக்கிறார். முகம் தெரியாத மாப்பிள்ளை என்று நான் இன்றைக்கும் பகிடி பண்ணுவேன். அதைக் கேட்பதற்கும் அவர் நிற்க மாட்டார்.

தில்லைநாதன் என்று கேட்டால் கொழும்பு வெள்ளவத்தையில் பலருக்குத் தெரியாது. நடை மாஸ்டர் என்று கேட்டால் மரக்கறிக் கடைக்காரர் வரைக்கும் கை காட்டுவார்கள். வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவர். போவதும் நடை, படிப்பிப்பதும் நடை. மேசைக்கு இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் நடந்துகொண்டே கணக்கைச் செய்வார். பிள்ளைகள் கழுத்தைத் திருப்பித் திருப்பிக் களைத்துப் போவார்கள். கணக்கு வந்ததோ இல்லையோ, கழுத்து நோவு வந்தது. வயது போய், பிள்ளைகளும் கொம்பியூட்டருக்கு முன்னால் இருந்து படிக்கத் தொடங்கிய பிறகு வேலை நின்றது. நடை நிற்கவில்லை. சீனி வருத்தத்துக்கு, அதுதான் நீரிழிவுக்கு, நடை நல்லது என்று ஒரு டொக்டர் ஏதோ ஒரு காலத்தில் சொல்லிவிட்டார். போதாதா? ஏற்கெனவே காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவருக்கு அது ஒரு லைசென்ஸ் ஆகிவிட்டது.

நான் சரோஜினிதேவி, அக்காவுக்கு இளையவள். கோட்டையில் ஒரு காப்புறுதிக் கந்தோரின் கவுண்டரில் வேலை செய்தவள். கணவர் காலமான பிறகு அக்கா வீட்டோடு வந்துவிட்டேன். கவுண்டரில் இருந்ததால் எனக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. அத்தானுக்கு அது வரவே இல்லை. வெள்ளவத்தையில் அது இல்லாமலே காலம் தள்ளலாம். அவருக்குத் தெரிந்ததெல்லாம் மீன் சந்தைச் சிங்களம்.

அதிலும் ஒரு கதை இருக்கிறது. சிங்களத்தில் நண்டு ககுளுவோ. கால் ககுல. ஒருநாள் அத்தான் சந்தையில் போய் நின்று, பெரிய தோரணையாக, "ககுல தென்ன" என்றாராம். கால் ஒன்று தாரும் என்று அர்த்தம். மீன்காரர் இடுப்பில் கட்டியிருந்த சரத்தைத் தூக்கி, தன் காலை மீன் வெட்டும் பலகையில் வைத்து, கத்தியையும் எடுத்துக்கொண்டு, "கபன்னத?" என்று கேட்டிருக்கிறார். வெட்டவோ? சந்தை முழுக்கச் சிரித்ததாம். அத்தானும் சிரித்துக்கொண்டுதான் வந்து சொன்னார். அன்றைக்குப் பிறகு ககுல என்றால் கால், கபன்ன என்றால் வெட்டுவது என்ற இரண்டும் அவர் மண்டையில் ஆணி அடித்தமாதிரி இருந்துவிட்டன. அந்த ஆணி எங்களை எங்கே கொண்டுபோய் விடும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

அவருடைய பாதங்களில் உணர்ச்சி குறைந்துபோய் இருந்தது எங்களுக்கு ஒரு சப்பாத்தால்தான் தெரியவந்தது. அக்கா அதைத் தட்டித் துடைக்க எடுத்தபோது உள்ளிருந்து ஒரு கருங்கல் விழுந்தது. புளியங்கொட்டையைவிடப் பெரிது. அந்தக் கல்லோடு மனுசன் பம்பலப்பிட்டிக்கு நடந்துபோய்த் திரும்பியிருக்கிறார், தெரியவில்லை. வலது காலில் சின்னவிரலுக்குக் கீழே தோல் உரிந்து, காசளவு புண்.

"நோகேல்லையோ?" என்று அக்கா கேட்டார்.

"நொந்தா நான் கழட்டிப் பார்த்திருக்க மாட்டனே?" என்று அவர் எரிந்து விழுந்தார்.

பிளாஸ்ரர் ஒட்டினார், ஏதோ களிம்பு பூசினார். புண் மாறவில்லை. கடைசியில் ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போகச் சம்மதித்தார். நானும் வருகிறேன் என்று சீலை மாற்றிக்கொண்டு நின்றேன். "நான் என்ன சின்னப்பிள்ளையே, நீ கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போக?" என்றார். நான் செருப்பைப் போடுவதற்குள் லிப்ட் கீழே போய்விட்டது.

மத்தியானம் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"என்னவாம் அத்தான்?"

"ஒண்டுமில்லை. மருந்து கட்டட்டாம்."

அவ்வளவுதான். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு நடக்கப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு அவர் நடந்த நடை இருக்கிறதே, நான் என் சீவியத்தில் கண்டதில்லை. முன்பு காலையும் மாலையும் என்றால், இப்போது சாப்பாட்டு நேரம் தவிர மற்ற நேரமெல்லாம். மரைன் டிரைவால் போவார், காலி வீதியால் வருவார். வந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் இறங்குவார். முன்பு படிப்பித்த வீடுகளுக்கெல்லாம் போனாராம். உள்ளே வந்து இருங்கோ சேர் என்றால் இருக்கமாட்டாராம். வாசலில் நின்று இரண்டு கதை கதைத்துவிட்டுப் போய்விடுவாராம். மாடிகளுக்கு லிப்ட்டில் போகாமல் படியேறிப் போனாராம். கேள்விப்பட்டவர்கள் எங்களுக்குப் போன் பண்ணி, மாஸ்டர் வெளிநாடு ஏதும் போறாரோ என்று விசாரித்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. "என்ன அத்தான், ஊரெல்லாம் பயணம் சொல்லிக்கொண்டு திரியிறீங்கள்?" என்று கேட்டேன். பகிடியாகத்தான் கேட்டேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கதவைத் திறந்துகொண்டு போய்விட்டார்.

வீட்டுக்குள்ளும் காலுறை. படுக்கும்போதும் காலுறை. அக்கா விடாப்பிடியாக நின்று ஒருமுறை கழற்ற வைத்தார். விரலும் அதற்குக் கீழேயும் கறுத்து, காய்ந்து, செருப்புத் தோல் போல இறுகி இருந்தது.

"பாரும், காஞ்சிட்டுது. பொருக்குக் கட்டிட்டுது" என்றார் அத்தான்.

அக்காவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எனக்கும்தான். பொருக்குக் கட்டினால் புண் மாறுகிறது, பொருக்கைப் பிடுங்கினால் அடி விழும். இப்படித்தானே எங்கள் வீடுகளில் எல்லோரும் வளர்ந்தோம்? காய்ந்த புண் நல்ல புண். அந்தக் கறுப்பு, மாறுகிற கறுப்பா, சாகிற கறுப்பா என்று கேட்க எங்களுக்குத் தெரியவில்லை. அக்கா அன்றைக்குப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தார்.

பிறகு வீட்டுக்குள் ஒரு கெட்ட மணம் தொடங்கியது.

முதலில் குசினி என்று நினைத்தோம். குப்பை வாளியைக் கழுவினோம். பிறகு குளியலறைக் குழாய் என்று ஆள் பிடித்துத் திறந்து பார்த்தோம். மணம் ஓர் இடத்தில் நிற்கவில்லை. காலையில் ஹோலில், மத்தியானம் அறையில், பின்னேரம் பல்கனிப் பக்கம். எனக்குத் தலை விறைத்தது. "அக்கா, இது எலிதான். எங்கேயோ செத்துக் கிடக்குது" என்று முடிவு கட்டினேன். அடுத்த நாள் காலை அத்தான் நடக்கப் போனதும் நாங்கள் இரண்டு பேரும் அலுமாரியை இழுத்தோம். கட்டிலை நிமிர்த்தினோம். பத்திரிகைக் கட்டுகளையெல்லாம் நடுவீட்டில் கொட்டினோம். எலியின் வால்கூட இல்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். அத்தான் வெளியே போன பிறகு மணம் குறைந்துகொண்டே வந்தது. கவனித்தேன், ஆனால் அதற்குமேல் யோசிக்கவில்லை. யோசிக்க மனம் விடவில்லை என்றும் சொல்லலாம்.

பத்து மணிக்கே வந்துவிடுகிறவர் மத்தியானமாகியும் வரவில்லை. போனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். அக்கா பல்கனிக்கும் கதவுக்கும் நடந்தார். நான் அக்காவுக்குப் பின்னால் நடந்தேன். ஒரு நடை மாஸ்டர் போதாதென்று வீட்டில் இன்னும் இரண்டு பேர்.

மணி அடித்தது. கதவைத் திறந்தால் அத்தான். முகம் சிவந்து, உடம்பு நடுங்கிக்கொண்டு நின்றார். அவருடைய கைக்குள் கை கொடுத்துப் பிடித்தபடி, நாங்கள் முன்பின் கண்டிராத ஒரு பெண். நடுத்தர வயது, கழுத்தில் சின்னச் சிலுவை, தோளில் பெரிய பை.

"இவர் ஒங்க வீட்டாளா? கொட்டாஞ்சேனையில பஸ் ஹோல்ட்டுல ஒக்காந்திருந்தாரு. காய்ச்சல் அனலா கொதிக்குது. ஆஸ்பத்திரின்னா ஏற மாட்டேன்னாரு. வெலாசம் கேட்டு திரீவீல்ல ஏத்திக்கிட்டு வந்தேன். இவரு காலப் பாத்தீங்களா நீங்க?"

கொட்டாஞ்சேனை! அங்கேதான் அத்தான் இளந்தாரியாகக் கொழும்புக்கு வந்தபோது முதல் அறை எடுத்து இருந்தவர். வெள்ளவத்தையில் இருந்து, நகரத்தின் மறுகோடியில் இருக்கிற கொட்டாஞ்சேனைக்கு அந்தக் காலோடு நடந்தே போயிருக்கிறார்.

அந்தப் பெண் நடுவீட்டில் கிடந்த அலுமாரியையும் பத்திரிகைகளையும் பார்த்தார். "வீடு மாறுறீங்களா?"

"இல்லை. எலி ஒண்டு செத்து மணக்குது" என்றார் அக்கா.

அவர் பையைக் கீழே வைத்தார். அத்தானைக் கதிரையில் இருத்தி, குனிந்து, காலுறையை மெல்ல உருவினார். அந்தக் கறுத்த பொருக்கின் ஓரத்தை விரலால் அமத்தினார். அடியில் இருந்து சீழ் வந்தது. மணம் வீடு முழுக்க எழும்பியது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டார். எலியை நாங்கள் கண்டுபிடித்துவிட்டோம்.

அவர் பெயர் ஐறீன். கொட்டாஞ்சேனைக்காரி. ஒரு டொக்டரின் டிஸ்பென்சரியில் புண் கட்டுகிற மிஸி. பஸ் ஹோல்ட்டில் அத்தானுக்குப் பக்கத்தில் வந்து இருந்தவருக்கு மணத்திலேயே விளங்கிவிட்டதாம். "இத நான் வீட்டுல தொடக் கூடாது. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவணும்" என்றார். "இது பொருக்கு இல்லீங்க அக்கா, செத்த தோல். மேல மூடிக்கிட்டு, கீழ அழுகுது. செத்தது கெடந்தா புதுச் சதை வராது. உள்ளதயும் சேத்துக் கெடுக்கும். அவ்வளவயும் வெட்டி எடுக்கணும்."

வெட்டி என்ற சொல் வாயில் இருந்து விழுந்ததுதான் தாமதம். அந்தக் காய்ச்சலோடு, அந்தக் காலோடு, அத்தான் எழுந்து விறுவிறென்று நடந்து குளியலறைக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கோபம் என்று சொல்வது லேசு. அடியில் இருந்தது பயம். "அத்தான், கதவைத் திறவுங்கோ! என்ன விளையாட்டு இது?" என்று கதவில் அடித்தேன்.

"நான் வரமாட்டன். காலோட சாவன். கால் இல்லாமல் இருக்கமாட்டன்."

"ஆர் காலை வெட்டப் போகினம்? செத்த தோலைத்தான் எடுக்கிறது எண்டு அவ சொல்லுறா!"

"அவ சொல்லுவா. நீங்கள் எல்லாரும் பூசி மெழுகுவீங்கள். கிளினிக்கில டொக்டர் என்ர முகத்துக்கு நேர சொன்னவர் காலை வெட்டவேணும் எண்டு. எனக்குச் சிங்களம் தெரியாதெண்டு நினைச்சியோ?"

அக்கா "ஐயோ" என்று தரையில் இருந்துவிட்டார். இவ்வளவு நாளும் இந்த மனுசன் இதை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறார். வெட்டப் போகிற காலால் போகக்கூடிய இடமெல்லாம் போய்விடவேண்டும் என்று நடந்திருக்கிறார். பயணம் சொல்லிக்கொண்டு திரிகிறார் என்று நான் விட்ட பகிடி என் நெஞ்சுக்குள் திரும்பி வந்து குத்தியது.

ஐறீன் கதவடியில் குந்தி இருந்தார். குரல் உயரவில்லை. "ஐயா, டொக்டர் என்னா சொன்னாருன்னு அப்படியே சொல்லுங்க பாப்பம். சிங்களத்துலயே சொல்லுங்க."

பாடமாக்கின பிள்ளை ஒப்புவிக்கிறமாதிரி, ஒரு சொல்லும் பிசகாமல், கதவுக்குப் பின்னால் இருந்து வந்தது: "ககுல பேரகன்ன நம் மேக கபன்ன ஓன."

நானும் ஐறீனும் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"ககுல எண்டா கால்" என்று அத்தான் உள்ளே இருந்து விளக்கம் சொன்னார். "கபன்ன எண்டா வெட்டுறது. ஓன எண்டா வேணும். இதுக்குமேல என்ன வேணும்?"

"நடுவுல ஒண்ணு சொன்னீங்களே, பேரகன்னன்னு?"

"அது ஆற்றையோ பேராக்கும். பெரிய டொக்டற்ற பேராக்கும் எண்டு நினைச்சன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, எது எதென்று தெரியாமல் நின்றேன். "அத்தான்! பேரகன்ன எண்டா காப்பாத்திறது! காலைக் காப்பாத்தவேணும் எண்டா இதை வெட்டவேணும் எண்டு சொன்னவர். மேக எண்டா இதை. காலை இல்லை!"

கதவோடு முகத்தை வைத்துக் கேட்டேன்.

"டொக்டர் சொல்லிப்போட்டு என்ன செய்தவர்?"

"தமிழ் தெரிஞ்ச ஆரையோ கூப்பிடத் திரும்பினவர்…"

"நீங்கள்?"

"நான் வந்திட்டன்."

வந்துவிட்டாராம். ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம் அந்தக் கதிரையில் இருந்திருந்தால்! கல்யாணப் படத்துக்கே நிற்காதவர், கத்தி என்றால் நிற்பாரா? எனக்கு அவரைப் பிடித்து உலுப்பவேண்டும் போல இருந்தது. அதற்குள் தாழ்ப்பாள் விலகியது. கதவைப் பிடித்தபடி நின்றவர் என்னைப் பார்க்கவில்லை, தன் காலைப் பார்த்தார். "சரோ, இனியும் பேரகன்ன ஏலுமோ?" என்று கேட்டார். ஐறீன் அதற்குள் திரீவீலுக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தார். அந்த அவசரம்தான் என்னை அதிகம் பயப்படுத்தியது.

ஆஸ்பத்திரியில் அதே டொக்டர்தான் இருந்தார். இளம்பிள்ளை. அத்தானைக் கண்டதும் "ஆ, துவப்பு மஹத்தயா!" என்றார். ஓடிப்போன ஐயாவாம். நான் மொழிபெயர்க்கவில்லை. எக்ஸ்ரே படம் எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள். பிறகு டொக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னார். சின்னவிரல் செத்துவிட்டது, அதை வைத்திருக்க முடியாது. முதல் நாளே நின்றிருந்தால் கொஞ்சத் தோலோடு முடிந்திருக்கும். இப்போது உள்ளே எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வெட்டிப் பார்த்தால்தான் தெரியும். உணர்ச்சி இல்லாத பாதம் என்பதால் விறைப்பூசி போடாமலே வெட்டுவார்கள். வெட்டிக்கொண்டே போகும்போது இரத்தம் வந்து, நோவு தெரிந்தால், அங்கே உயிருள்ள சதை இருக்கிறது, பாதம் தப்பும். வராவிட்டால் கணுக்காலுக்கு மேலே யோசிக்கவேண்டி வரும்.

மொழிபெயர்க்க ஆள் இல்லாவிட்டால் மேசையில் ஏறமாட்டேன் என்று அத்தான் பிடிவாதம் பிடித்ததால் என்னை உள்ளே விட்டார்கள். அக்காவும் ஐறீனும் வெளியே நீள வாங்கில் இருந்தார்கள். நோவு தெரிந்தால் பாதம் தப்பும் என்று அவர்களுக்கும் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன். ஐறீனுக்குப் போக வேலை இருந்தது. போகவில்லை.

டொக்டர் கத்தியை வைத்தார். கறுப்புத் தோல் ஒரு பக்கத்தால் எழும்பி வந்தது. அடியில் மஞ்சளாக, ஊறின கடதாசி போல ஒன்று. அதையும் கத்தரித்து எடுத்தார். சின்னவிரல் போனது. அத்தான் மேலே முகட்டைப் பார்த்துக்கொண்டு, "தொடங்கிட்டினமோ?" என்று கேட்டார். தன் விரல் போனது அவருக்குத் தெரியாது. நான் "ஓம், தொடங்கிட்டினம்" என்றேன்.

இரத்தம் வரவில்லை. டொக்டர் கழுவினார், சுரண்டினார், மறுபடியும் வெட்டினார். வரவில்லை. ஆஸ்பத்திரி மிஸி வெளிச்சத்தைக் கிட்ட இழுத்துப் பிடித்தார். அந்தக் கால் மேசையில் அப்படியே கிடந்தது. எத்தனையோ வருடம் அசையாமல் இருங்கோ, அசையாமல் இருங்கோ என்று அந்த மனுசனை நாங்கள் பேசியிருக்கிறோம். இப்போது அசையாமல் கிடக்கிற அந்தக் காலைப் பார்த்து, ஒருமுறை உதறு, ஒருமுறை உதறு என்று மனதுக்குள் மன்றாடினேன். பிள்ளையாரையும் கூப்பிட்டேன், ஐறீனின் மாதாவையும் கூப்பிட்டேன்.

டொக்டர் இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போனார்.

"ஐயோ அம்மோ!"

கால் விசுக்கென்று துள்ளி, மருந்துத் தட்டு தரையில் சிதறியது. அத்தான் பாதி எழுந்துவிட்டார். கண்ணால் தண்ணீர் ஓடியது. புண்ணின் விளிம்பில் சிவப்பாக, நல்ல சிவப்பாக, இரத்தம் பொட்டுப் பொட்டாக ஊறி வந்தது. டொக்டர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, முதன்முறையாகச் சிரித்தார்.

"பேருணா" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அத்தான் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "பொறு. இது அந்தப் பேரகன்னவின்ர ஆள்தானே?"

"ஓம் அத்தான். தப்பிட்டுதாம்."

"அப்ப நீ ஏன் அழுறாய்?"

"நொந்ததோ?"

"நொந்ததோவோ? உயிர் போட்டுது!" என்று கத்தினார்.

நான் வெளியே ஓடினேன். சத்தம் கேட்டு அக்கா முகம் வெளிறி எழுந்து நின்றார். ஐறீன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, அத்தானுக்கு நோகுது!" என்றேன்.

அக்கா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.